காப்பு அவிழாத கண்மாய்

செங்கட்டான் கண்மாய்க்குள் மண்டிக்கிடந்த சீமைக்கருவேல மரங்கள் தம்மை வெட்ட வந்தவர்களைத் திருப்பி அடிக்க ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். முதல் அடி வாங்கியவர் வடக்கூர்ப் பெரியவர் காத்தமுத்து. அவர் கோடாரியை ஓங்கி அடிமரத்தில் ஒரு போடு போட்டார், மரம் கிளையை ஓங்கி அவர் தோளில் ஒரு போடு போட்டது, எலும்பு முறிந்த சத்தம் கரையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் வரைக்கும் கேட்டது. மல்லாந்து கிடந்த காத்தமுத்து மரத்தை அண்ணாந்து பார்த்து, "அடிச்சிருச்சுப்பா" என்றார். அந்தக் குரலில் வலி இருந்தது, ஆச்சரியம் இல்லை. அடித்தால் திருப்பி அடிக்க வேண்டும் என்பதைத் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்த ஊர் எங்களுடையது. இந்த மரங்கள் இத்தனை வருசம் பொறுமையாக இருந்ததுதான் எங்களுக்குப் புரியாத சங்கதி.

கண்மாய்க்கு வடக்கே வடக்கூர், தெற்கே தெற்கூர். மடையை யார் முதலில் திறப்பது என்று எந்தக் காலத்திலோ ஆரம்பித்த சண்டை, மழை குறைந்து, மடை தூர்ந்து, தண்ணீர் நின்ற இடமெல்லாம் முள்ளாகிப் போன பிறகும் ஓயவில்லை. இந்தப் பக்கம் ஒரு தலை விழுந்தால் அந்தப் பக்கம் ஒரு தலை விழும். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது வெட்டினார்கள், கோர்ட்டு வாசலில் வாய்தாவுக்குக் காத்திருக்கும்போது வெட்டினார்கள், கல்யாணப் பந்தியில் ரசத்துக்குக் குழி பறித்து வைத்திருந்தவனை இலையிலேயே சாய்த்தார்கள். எங்கள் ஊர்களில் ஆண்பிள்ளை பிறந்தால் சர்க்கரை கொடுப்போம், கொடுக்கும்போதே இவன் யார் முறைக்கு வருவான் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். கேட்கிறவர்களுக்கு அசிங்கமாக இருக்கும், எங்களுக்கும் இப்போது சொல்லும்போது அசிங்கமாகத்தான் இருக்கிறது.

இந்தக் கதை நடந்தபோது வெட்ட வேண்டிய முறை வடக்கூருக்கு. வடக்கூர் செவத்தையாவைத் தெற்கூர் ஒச்சப்பன் பஸ்ஸிலிருந்து இழுத்துப் போட்டு வெட்டிவிட்டு, கையோடு ஜெயிலுக்குப் போய், அங்கேயே சீக்கு வந்து செத்தும் போனார். ஆள் செத்தாலும் பழி சாகாது என்பதால் அது அவர் மகன் பூமிநாதன் தலைக்கு வந்தது. வெட்ட வேண்டியவன் செவத்தையாவின் மூத்த மகன் தவசி. இதில் வில்லங்கம் என்னவென்றால், தவசியின் பெண்டாட்டி இருளாயி பூமிநாதனின் கூடப்பிறந்த அக்கா. ஒரு காலத்தில் சமாதானம் பேசி, அதற்கு அடையாளமாக நடத்தி வைத்த கல்யாணம் அது. சமாதானம் பந்தக்கால் பிடுங்குவதற்குள் முறிந்துவிட்டது, கல்யாணம் முறியவில்லை. அவளுடைய அப்பன் அவளுடைய மாமனாரை வெட்டினார், இனி அவள் புருசன் அவள் தம்பியை வெட்ட வேண்டும். தாயில்லாத பூமிநாதனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்.

"எந்தம்பி மேல கை வச்சீங்கன்னா அன்னைக்கே நான் கெணத்துல கெடப்பேன்" என்றாள் தவசியிடம்.

"நான் வைக்கலன்னா சேது வைப்பான். அவனுக்குப் பின்னாடி ஊரே நிக்குது. என்னை என்ன செய்யச் சொல்ற?" என்றான் தவசி. சேது என்கிற சேதுராசு அவனுடைய தம்பி, பேச்சுக் குறைவு, கை வேகம்.

அந்தப் பேச்சிலிருந்துதான் கண்மாயைச் சுத்தம் செய்கிற யோசனை தவசிக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் பொதுக்காரியத்துக்கு மஞ்சள் துணியில் காப்புக் கட்டிக்கொண்டால், காரியம் முடிகிறவரை கட்டினவன் வெளியூரில் தங்கக் கூடாது, இன்னொரு மனுசன் மேல் கை ஓங்கக் கூடாது. அய்யனார் கோயில் திருவிழாவுக்குத்தான் அப்படிக் கட்டுவது வழக்கம். தவசி இரண்டு ஊரையும் கரையில் கூட்டி, கண்மாய்க்காகக் கட்டுவோம் என்றான்.

"வெட்டிக்கிறதை எப்ப வேணும்னாலும் வெட்டிக்கலாம்ப்பா, அருவாளு எங்கயும் ஓடிப்போயிராது. மொதல்ல இந்த முள்ளை எடுப்போம். தண்ணி நின்னா ரெண்டு ஊருக்கும் வெள்ளாமை. வயித்துக்குக் கஞ்சி குடிச்சிட்டு அப்புறமாச் சாவோமே."

சிரிப்பு வந்தது, சிரித்தார்கள், சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை. கோயில் பூசாரி வேளார் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் காப்பைக் கட்டி, சீமைக்கருவேலத்தின் குணம் தெரிந்தவராகையால் ஒரு நிபந்தனையும் வைத்தார்: கடைசி மரம் விழுந்தால் மட்டும் போதாது, அதற்குப் பிறகு முதல் மழை பெய்து, கண்மாய்க்குள் ஒரு தளிர்கூட முளைக்கவில்லை என்றால்தான் காப்பை அவிழ்ப்பேன், அதுவரைக்கும் காரியம் முடிந்ததாக அய்யனார் ஒத்துக்கொள்ள மாட்டார். தவசி கூட்டத்தின் ஓரத்தில் நின்ற இருளாயியைப் பார்த்தான். அவள் முகத்தில் எவ்வளவோ நாளைக்குப் பிறகு களை வந்தது.

அப்படித்தான் வேலை ஆரம்பித்தது, அப்படித்தான் மரங்களும் அடிக்க ஆரம்பித்தன.

பொக்லைன் ஒன்றை வாடகைக்குப் பிடித்து உள்ளே இறக்கினோம். அது ஒரு மரத்தைத் தூரோடு பிடுங்கிய வேகத்தில் சுற்றி நின்ற மரங்கள் கூடி அதன் இரும்புக் கையைத் தூரோடு பிடுங்கிப் போட்டன, உள்ளே இருந்த டிரைவரின் கால் முழங்காலுக்குக் கீழே கூழாகிப் போனது. அவன் வெளியூர்ப் பையன். ஒரே ஆளுக்காக இரண்டு ஊர்ப் பெண்களும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான். தன்னார்வலர்களைப் பாராட்ட வந்த அதிகாரி ஒருவர், போட்டோவுக்காக அரிவாளால் ஒரு குச்சியைச் செல்லமாகத் தட்டினார். மரமும் அவர் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டியது. பேப்பரில் வந்த படத்தில் அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். ஆஸ்பத்திரி டாக்டரம்மா கொஞ்ச நாள் "மரத்திலிருந்து விழுந்தீங்களா" என்று கேட்டுப் பார்த்தார், பிறகு அலுத்துப்போய் மரம் அடித்தது என்றே சீட்டில் எழுத ஆரம்பித்தார். ஆட்டையும் மாட்டையும் சுள்ளி பொறுக்குகிற பெண்களையும் மரங்கள் தொட்டதில்லை. தம்மை வெட்டினவனை மட்டும், வெட்டின அளவுக்கு மட்டும் அடித்தன, ஒரு குன்றிமணி கூடவும் இல்லை குறையவும் இல்லை. "நம்மளைவிட ஞாயமாத்தானப்பா இருக்கு" என்று டீக்கடையில் பேசிக்கொண்டோம்.

அந்த நியாயத்தில் ஒரு பயங்கரம் இருப்பது தெற்கூர் சுடலைமணி செத்த அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் வீம்புக்கு ஒரு மரத்தை ஒற்றை ஆளாகச் சாய்த்தான். மரம் நடுவில் முறிந்து விழுந்த அதே நேரத்தில் அவனும் நடுவில் முறிந்து விழுந்தான், தலை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தான். அதற்குப் பிறகு நாங்கள் கடைசி அடியைக் கோடாரியால் போடுவதில்லை. ஆளுக்கு நாலு போடு என்று மாறி மாறிப் போட்டு மரத்தைத் தளர்த்திவிட்டு, உச்சியில் வடம் கட்டி, வடக்கூரும் தெற்கூரும் ஒன்றாகப் பிடித்து இழுப்போம். மரம் சாயும்போது அதன் சாவு வடத்தின் வழியாக வந்து, பிடித்திருக்கிற அத்தனை பேருக்கும் பிரிந்து, முதுகில் ஒரு கன்றிப்போன வரியாக விழும். ஒருவனைக் கொல்கிற அடி ஊருக்கே பிரிந்தால் ஒரு வாரத்து வலிதான். அதனால் ஆள் அதிகம் தேவைப்பட்டது, திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனவர்கள் திரும்பி வந்து காப்புக் கட்டிக்கொண்டார்கள், வடத்தில் பகையாளிக்குப் பக்கத்தில் பகையாளி நிற்க வேண்டி வந்தது. நின்றார்கள், ஒருவன் அம்மாவை ஒருவன் திட்டிக்கொண்டே இழுத்தார்கள். வாய்க்குக் காப்புக் கட்டவில்லையே.

இருளாயி கரையில் உட்கார்ந்து மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து, எந்த ஊர் முதுகு என்று பார்க்காமல் அப்பிவிடுவாள். தம்பியையும் கொழுந்தனையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து முதுகில் அப்பும்போது, இந்தக் காடு அழியாமல் இருக்கட்டும் என்று அய்யனாரை வேண்டிக்கொள்வாள். சாயங்காலமானால் தவசி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மரம் எடுத்த வெட்டவெளியைக் காட்டி, தண்ணீர் இதுவரைக்கும் ஏறும், அதுவரைக்கும் ஏறும், அந்த மூலையில் கொக்கு வரும் என்று கையை நீட்டி நீட்டிச் சொல்வான். தம்பி உயிரைக் காப்பாற்ற நாள் கடத்துகிறான் என்று நினைத்திருந்தவளுக்கு, இவன் நிஜமாகவே தண்ணீருக்கு ஆசைப்படுகிறான் என்று புரிந்தபோது திக்கென்றது. அதன்பிறகு அவளால் எதையும் முழுமனசோடு வேண்ட முடியவில்லை.

தவசி செத்தது தெற்கூர்க் கரையோரம் நின்ற பெரிய மரத்தை இழுத்தபோது. இரண்டு ஊரும் வடத்தைப் பிடித்திருந்தது, தவசி மரத்துக்கு மிக அருகே முதல் ஆளாகப் பிடித்திருந்தான், மரம் சாயத் தொடங்கிய நேரத்தில் அவனுக்குப் பின்னால் வடம் அறுந்தது. மற்ற எல்லாரும் பின்னால் மல்லாந்து விழுந்தோம். அறுந்த நுனியோடு அவன் ஒருவன்தான் மரத்தைப் பிடித்திருந்தான், ஊருக்கே பிரிய வேண்டிய சாவு மொத்தமும் அவன் ஒருவனுக்கு வந்தது. மார் பிளந்து, விலாவெலும்பு ஒவ்வொன்றாக வெளியே வந்து, முள் தைத்த வாயோடு அவன் கிடந்ததைப் பார்த்துவிட்டு இருளாயி கத்தவில்லை. அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வாயிலிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள், பிடுங்கி முடித்த பிறகுதான் கத்தினாள்.

அதோடு விட்டிருந்தால் நாங்கள் மனுசர்கள். பிணத்தை எடுப்பதற்கு முன்னாலேயே, தோளில் கட்டோடு நின்ற காத்தமுத்து, "வடம் யாரு கொண்டாந்தது?" என்று கேட்டார்.

வடம் தெற்கூர் கொண்டுவந்தது. முள் உரசி உரசி நைந்துபோன வடம், யார் கொண்டுவந்திருந்தாலும் அறுந்துதான் போயிருக்கும். அது எல்லாருக்கும் தெரியும்.

"அப்ப இதுவும் தெக்கூரு பழிதான். ஏற்கெனவே ஒண்ணு நிக்குது, இதோட ரெண்டு. ரெண்டுக்கும் சேர்த்துப் பூமிநாதன். வெட்ட வேண்டியது சேது" என்றார் காத்தமுத்து. தெற்கூர்க்காரர்கள் இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிட்டதாகிவிடும். மரம் செய்த சாவை மனுசன் கணக்கில் எழுதுகிற புத்தி உலகத்தில் வேறு எந்த ஊருக்காவது வருமா என்று தெரியவில்லை, எங்களுக்கு வந்தது.

இருளாயி மடியில் பிணத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். "எம்புருசன் செத்ததுக்கு நான் பழி கேக்கல. நீங்க யாரு கேக்க?"

"பொம்பள கேக்க வேண்டாம்த்தா. ஊரு கேட்டுக்கிரும்" என்றார் காத்தமுத்து, பிரியமாகத்தான் சொன்னார்.

கருமாதி முடிந்ததும் அவள் தெற்கூருக்குப் போய்த் தம்பியின் கையைப் பிடித்து, எங்காவது ஓடிப்போ என்றாள். பூமிநாதன் மணிக்கட்டைக் காட்டினான். "காப்போட ஓடுனா சாமிக் குத்தம்க்கா. எனக்குப் பதிலா இங்க எவனையாச்சும் வெட்டுவாங்க. நமக்கு ஒரு சித்தப்பன் மகன் இருக்கான், அவனுக்கு இன்னும் மீசையே மொளைக்கல." அவள் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள், அறைந்த கையாலேயே அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வேலை பறந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்துகொண்டிருந்த வடக்கூர்க்காரர்கள் தினமும் வர ஆரம்பித்தார்கள். சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் காப்பு அவிழும், காப்பு அவிழ்ந்தால் தலை விழும். தெற்கூர்க்காரர்கள் விட்டுக்கொடுப்பார்களா, அவர்களும் தினமும் வந்தார்கள். கைகள் முறிந்தன, கண்கள் போயின, ஒருவனுக்குக் காது முழுசாகப் பிய்ந்து மரத்திலேயே தொங்கியது, அவன் அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டு மறுபடி வடத்தைப் பிடித்தான். டவுனிலிருந்து இளைஞர்கள் வந்து எங்களை வீடியோ எடுத்து, நாட்டுக்கே முன்மாதிரி என்றார்கள். ஏதோ ஒரு சங்கம் கேடயம் கொடுத்தது. சேதுராசு மட்டும் யாரோடும் பேசாமல், பூமிநாதனுக்குப் பக்கத்தில் நின்று இழுத்துக்கொண்டே இருந்தான்.

கடைசி மரமும் விழுந்தது. கண்மாய் மொட்டையடித்த தலையாகக் கிடந்தது. இனி மழைதான் பாக்கி. கருவேல நெற்றைத் தின்ற ஆடு போடுகிற புழுக்கையில் விதை சாகாமல் இருக்கும், ஈரம் பட்டால் முளைக்கும், இது எங்கள் ஊரில் கைப்பிள்ளைக்கும் தெரியும். அதனால் காத்தமுத்து சுற்றிலும் முள்வேலி போட்டு, போகவர ஒரு படல் மட்டும் வைத்து, ஆடு மாடு நுழையாமல் ஆள் மாற்றி ஆள் அரிவாளோடு காவல் வைத்தார்.

இருளாயி ஆடு வளர்ப்பவள். கோடைத் தீனிக்காக வீட்டில் மூட்டை மூட்டையாக நெற்றுச் சேர்த்து வைத்திருந்தாள். தழை ஒடிப்பதை நிறுத்திவிட்டு அதைமட்டுமே ஆடுகளுக்குப் போட்டாள். மேற்கே மேகம் கூடிய ஒரு நாள், உச்சிவெயிலில், மொத்த ஆட்டையும் ஓட்டிக்கொண்டு படலுக்கு வந்தாள். காவலுக்கு இருந்தது சேதுராசு.

அவன் எழுந்து நின்றான். அரிவாள் கையில் இருந்தது. "எங்க மதினி போறீங்க?"

"உள்ள."

"என்ன தீனி போட்டீங்க ஆட்டுக்கு?"

"நெத்து."

"வெறும் நெத்தா?"

"வெறும் நெத்துதான். தண்ணியும் காட்டியிருக்கேன். வெட்டுறதுன்னா என்னை வெட்டிட்டு அப்புறம் ஆட்டை வெட்டு சேது. நான் இங்கனயே நிக்கிறேன்."

ஆடுகள் அவன் காலை உரசிக்கொண்டு நின்றன. சேதுராசு அவளைப் பார்க்காமல் வெறுங்கண்மாயைப் பார்த்தான். அண்ணன் ஆசைப்பட்ட தண்ணீர் இந்த வருசம் நிற்க வேண்டிய இடம் அது. அவளுக்கும் அதுதான் மனசில் ஓடியது.

"அண்ணன் போனப்புறம் ஒவ்வொரு மரத்துக்கும் அந்தப் பூமிப்பய பக்கத்துலதான் நின்னேன் மதினி" என்றான். "கூட எவனாச்சும் கையைத் தளர்த்துனான்னா அடி எங்க ரெண்டு பேருக்குத்தான் விழும். அவன் முதுகுல விழுந்ததுல பாதி என் முதுகுல இருக்கு. அந்த முதுகுல எப்பிடி நான் வெட்டுவேன்? வெட்டலன்னா நம்மாளுகளே என்னை வெட்டுவாங்க, வெட்டிட்டு இன்னொருத்தன் போயி அவனை வெட்டுவான்." அரிவாளைக் கீழே வைத்துவிட்டுப் படலைத் தூக்கி ஓரமாகச் சாய்த்தான். "வடக்க ஓட்டாதீங்க, மேடு, காஞ்சு கெடக்கு. தெக்கால ஓட்டுங்க. அங்கதான் ஈரம் இருக்கு."

மழை அன்றைக்கே பெய்தது. விடாமல் பெய்தது. நாங்கள் பிறந்ததிலிருந்து பார்க்காத தண்ணீர் கண்மாய்க்குள் தளதளவென்று ஏறியது, கொக்குகூட ஒன்று வந்தது, இரண்டு ஊரும் கரையில் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. இருளாயி கண்ணீர் வழிய அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு தண்ணீருக்கடியிலிருந்து தளிர்கள் கிளம்பின. அவை முளைத்த வேகத்தையும் குடித்த வேகத்தையும் சொன்னால் நம்ப மாட்டீர்கள், எங்களுக்கு நம்புவதில் சிரமம் இருக்கவில்லை. தண்ணீர் வற்றியபோது தளிர்கள் ஆடு போன தடத்திலேயே வளைந்து வளைந்து நின்றன. கிடாய் எங்கே ஒதுங்கியது, குட்டி எங்கே துள்ளியது என்பதுவரை தெரிந்தது. யாருடைய ஆடு என்று ஒருவரும் கேட்கவில்லை, யார் காவல் என்றும் கேட்கவில்லை. காத்தமுத்து மட்டும் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே இறங்கி ஒரு தளிரை எட்டி மிதித்தார், அது சுண்டிய சுண்டில் அவருடைய கணுக்கால் வெளியே துருத்திக்கொண்டது. வேளார் எட்டிப் பார்த்துவிட்டு, காரியம் முடியவில்லை என்று சொல்லித் திருநீற்றுத் தட்டோடு கோயிலுக்குத் திரும்பிவிட்டார். கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஒருவர் விட்டதும் எல்லாரும் விட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி இறங்கினோம். புதுக்கன்றுகளுக்கு இளரத்தம், பழைய மரங்களைவிட மூர்க்கமாக அடித்தன. சேதுராசுவின் நெற்றி பிளந்தது. பூமிநாதனின் வாயில் விழுந்த அடியில் முன்பல் இரண்டும் உதிர்ந்தன. அவன் ரத்தத்தைத் துப்பிக்கொண்டே கரையேறி அக்காளிடம் வந்து உட்கார்ந்தான். வற்றிப்போன கண்மாயையும் அதற்கப்பால் தரிசாகக் கிடந்த வயல்களையும் பார்த்தான்.

"இந்த வருசமும் வெள்ளாமை இல்லக்கா."

"இல்லாட்டிப் போகுது" என்றாள் இருளாயி. தூக்குச்சட்டியைத் திறந்து அவனுக்கும் சேதுவுக்கும் இரண்டு தட்டில் போட்டாள். "வாயக் கொப்பளிச்சிட்டு வா. சோறு ஆறுது."